கத்தரிக்குத் தப்பிய கவர்கள்

அமெரிக்கர்களின் பழைய ஸ்டாம்ப் ஆல்பங்களைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டிய காகிதத் துண்டுகள் இருக்கும். தபால்தலை தனியாக ஒட்டப்படாமல், உறையின் வலது மூலையிலேயே புடைப்பாக அச்சாகி வந்த காலத்துத் துண்டுகள் அவை. அந்த மூலையை மட்டும் கத்தரித்துக்கொண்டு மீதி உறையைக் குப்பையில் போட்டார்கள். சேகரிப்பவர்களான எங்கள் வட்டாரத்தில் அந்தத் துண்டுக்கு ‘கட் ஸ்கொயர்’ என்று பெயர், முழு உறைக்கு ‘என்டயர்’. ஒஹையோவில் குடியிருக்கும் நான் ஸ்டாம்ப் கண்காட்சிகளுக்குப் போனால் கட் ஸ்கொயர் பெட்டிகளைத் தொடுவதில்லை. தேடுவதெல்லாம் என்டயர்தான்.

1853இல் நியூயார்க்கின் ஜார்ஜ் நெஸ்பிட் தயாரித்துக் கொடுத்ததுதான் இந்த உறைகளில் முதலாவது. அமெரிக்க அஞ்சல் துறை உறைகளைத் தானே செய்ததில்லை. ஒப்பந்தம் போட்டுத் தனியாரிடம் செய்து வாங்கியது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் பல ஆண்டுகள் நடந்த இந்த வேலை, 1907இல் ஒஹையோவின் டேட்டன் நகருக்கு மாறியது. ஒப்பந்தம் புதிதாகும்போது பெரும்பாலும் காகிதத்தின் நீர்க்குறியும் மாறும். பல நீர்க்குறிகளில் எழுத்துகளோடு ஆண்டும் இருப்பதால், உறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலே அது எந்தக் காலத்துக் காகிதம் என்பது தெரிந்துவிடும்.

அடுக்கி வைத்த தாள்களை உறையின் உருவத்துக்கேற்ற எஃகு அச்சால் ஒரே அழுத்தில் வெட்டுவார்கள். இந்த வெட்டு அச்சுக்குச் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் ‘நைஃப்’. மூடியின் முனை கூரா மழுங்கலா, பக்க மடிப்பு எவ்வளவு சாய்வு என்பதையெல்லாம் பார்த்து இன்ன நைஃப் என்று பிரிப்பார்கள். அதன்பிறகுதான் மூலையில் தலைவரின் முகம் புடைப்பாக விழும். சில சமயம் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு இயந்திரத்துக்குள் போய்விடும். மை படும் பக்கத்துத் தாளில் வண்ணம் விழும், மற்றதில் வெறும் புடைப்புதான். விரலால் தடவினால் வாஷிங்டனின் மூக்கு தட்டுப்படும், கண்ணுக்கு வெள்ளைக் காகிதம்தான். ‘அல்பினோ’ என்று இதைத் தனியாகத் தேடி வாங்குபவர்கள் உண்டு.

1903இல் வெளியான உறை வரிசையில் ஒரு சென்ட்டுக்கு ஃபிராங்க்ளின், இரண்டு சென்ட்டுக்கு வாஷிங்டன், நாலுக்கு கிராண்ட், ஐந்துக்கு லிங்கன். சாதாரணக் கடிதத்துக்கு அப்போது இரண்டு சென்ட் போதும் என்பதால், சிவப்பு வாஷிங்டன் கோடிக்கணக்கில் அச்சானது. இன்றும் ஒரு டாலர் பெட்டியில் குவிந்து கிடக்கிறது. ‘நூறு வருஷத்துக் கவர், விலை அதிகமாக இருக்குமே’ என்று யாராவது கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். வயதுக்கு இங்கே விலை கிடையாது.

விலை ஏறுவது வேறு காரணங்களால். அமெரிக்காவில் 1901இல் 76,945 அஞ்சலகங்கள் இருந்தன. அதன்பின் அந்த எண்ணிக்கையை நாடு எட்டவேயில்லை. 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் சோதனையாகத் தொடங்கி 1902இல் நிலைபெற்ற கிராமப்புற இலவச விநியோகம், பண்ணை வாசலுக்கே தபாலைக் கொண்டுபோனது. மளிகைக் கடையின் ஒரு மூலையில் இயங்கிய குட்டி அஞ்சலகங்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. சில ஊர்களின் பெயர் வரைபடத்திலிருந்தே போய்விட்டது. சில ஆண்டுகளே இயங்கிய அப்படியோர் அஞ்சலகத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால், அதே ஒரு டாலர் வாஷிங்டனுக்கு அந்த வட்டாரத்து ஆட்கள் ஏலத்தில் போட்டி போடுவார்கள்.

இடது மூலையும் பேசும். மொத்தமாக வாங்கும் வணிகர்களின் முகவரியை, ‘ஐந்து நாளில் சேராவிட்டால் திருப்பவும்’ என்ற வரியோடு அரசே இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தது. ஊர் அச்சகக்காரர்களுக்கு இது வயிற்றில் அடித்தது போல. அவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டும் வழக்கம் நிற்கவில்லை. விதை வியாபாரி, வக்கீல், குதிரைச் சேணக் கடை என்று ஒரு சிற்றூரின் கடைத்தெரு முழுவதையும் இந்த மூலைகளிலிருந்தே தொகுத்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது போர்க்காலத்து விவகாரம். முதல் உலகப் போருக்குப் பணம் வேண்டி, 1917 நவம்பர் 2 முதல் கடிதக் கட்டணத்தை மூன்று சென்ட்டாக்கினார்கள். ஊதா நிற மூன்று சென்ட் உறைகள் பெருவாரியாக இறங்கின. 1919 ஜூலை 1 அன்று கட்டணம் பழையபடி இரண்டு சென்ட் ஆனது. அஞ்சலகங்களிலும் கம்பெனிகளிலும் மூன்று சென்ட் உறைகள் தேங்கி நின்றன. 1920இல் துறை ஒரு வழி கண்டது. முத்திரை குத்தும் இயந்திரங்களிலேயே தனி அச்சுக்கட்டையைப் பொருத்தி, உறைகளின் மேல் இரண்டு சென்ட் என்று மறு அச்சு அடித்தார்கள். கட்டுக் கட்டாக ஓட்டிய அவசரத்தில் ஒரு சென்ட், நாலு சென்ட் உறைகளும் உள்ளே போயின. இரண்டு சென்ட் உறையின் மேலேயே இரண்டு சென்ட் என்று அடித்ததும் உண்டு. இந்தத் தப்பு அச்சுகளில் சில இன்று நூற்றுக்கணக்கான டாலர் பெறும்.

என்னிடம் இருப்பது சாதாரண ஊதா உறைதான். கருப்பு மை வாஷிங்டனின் நெற்றியைத் தாண்டிச் சற்றுச் சரிந்து விழுந்திருக்கிறது. இடது மூலையில் ஒரு மொத்த மளிகை வியாபாரியின் முகவரி. பின்புறம் பென்சிலில் எழுதிய சர்க்கரைக் கணக்கு. மறு அச்சு 1920 வாக்கில் விழுந்தது என்றால் முத்திரைத் தேதி அதற்கு முன்னால் இருக்கக் கூடாது. நீர்க்குறியும் நைஃபும் அந்தக் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். இந்த உறையில் மூன்றும் பொருந்துகின்றன.

இதையே யாராவது அன்று கத்தரித்திருந்தால் என்னவாகியிருக்கும்? தேதி போயிருக்கும், வியாபாரியின் ஊர் போயிருக்கும், நைஃபைப் பார்க்க வழியிருந்திருக்காது. பிற்பாடு யாரோ வீட்டில் வைத்து அடித்த போலி அச்சா, அசலா என்று சொல்ல ஆதாரமே இல்லாமல் போயிருக்கும். அதனால்தான் அரிய மறு அச்சு என்று சொல்லிக் கட் ஸ்கொயரை நீட்டினால் நிபுணர் சான்று கேட்கிறேன். கிழிந்த என்டயரை நீட்டினால் நின்று பார்க்கிறேன். பரணில் தாத்தாவின் கடிதக் கட்டு கிடைத்தது என்று வருபவர்களுக்கும் இதைத்தான் சொல்வது: மூலையை வெட்டாதீர்கள், பென்சில் எழுத்தை அழிக்காதீர்கள், உள்ளே கடிதம் இருந்தால் அதையும் பிரிக்காமல் கொண்டுவாருங்கள்.