ஓடிக்கொண்டிருக்கும் ரேஸ் கார் திடீரென அணைவது ஏன்? 'டெல்கோ' என்ற சின்ன டப்பா செய்யும் வேலை

தொம்மலூரில் வாடகை வீடு, வார நாட்களில் ஐ.டி. பார்க், அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் ஒரு பழைய மாருதி எஸ்டீமோ ஹோண்டா சிட்டியோ. எப்போதாவது ஒரு வார இறுதியில் ஓசூர், வேலூர் வழியாகச் சுமார் 300 கி.மீ. போய், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அந்தக் காரை ஓட்டிப் பார்ப்பது. இந்தப் பைத்தியம் உங்களுக்கோ உங்கள் ஆபீஸ் நண்பருக்கோ இருந்தால், கீழே வரும் காட்சி புதிதாக இருக்காது.

மூன்றாவது லேப். நாலாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர். யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி எஞ்சின் செத்துப்போகிறது. பின்னால் நான்கு கார்கள் வருகின்றன. எப்படியோ ஓரம் கட்டி, கயிறு கட்டி இழுத்து வந்து, 20 நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால், ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் ஓடுகிறது. பெட்ரோல் பம்ப்தான் காரணம் என்று யாரோ சொல்ல, அதை மாற்றுகிறீர்கள். அடுத்த முறையும் அதே கதை.

பழைய கார்களில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டரைத்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ன செய்கிறது?

பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி வேண்டும். பேட்டரி தருவது 12 வோல்ட். அதை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. அந்த மின்சாரத்தை எந்த பிளக்குக்கு, எந்த நொடியில் அனுப்புவது என்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. உள்ளே ஒரு ரோட்டார் சுற்றுகிறது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் சிலிண்டருக்கு ஒரு முனை இருக்கிறது. ரோட்டார் எந்த முனையைக் கடக்கிறதோ, அந்த பிளக்குக்கு மின்சாரம் தாவுகிறது.

பழைய மெக்கானிக்குகள் பலர் இதை 'டெல்கோ' என்றே சொல்வார்கள். அது அமெரிக்கக் கம்பெனியின் பெயர். சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் தொடங்கிய டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனியின் சுருக்கம்தான் டெல்கோ. அவர் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன் 1910 வாக்கில் காடிலாக் கார்களில் வந்தது. ஸ்பானிஷ் மொழியிலும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இன்றும் 'டெல்கோ' என்றுதான் பெயர். ஜெராக்ஸ் மாதிரி, கம்பெனி பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

இந்தியாவில் இது பழசானது பெரும்பாலும் 2000-ஐ ஒட்டித்தான். 1999-ல் டெல்லிப் பகுதிக்கு உச்ச நீதிமன்றம் கொண்டுவந்த யூரோ விதிகளும், 2000 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த 'இந்தியா 2000' புகை விதிகளும் கார்புரேட்டரை வீட்டுக்கு அனுப்பின. அதன் பின்னாலேயே டிஸ்ட்ரிபியூட்டரும் மெல்லப் போய்விட்டது. ஆனால் குறைந்த செலவில் ரேஸ் ஓட்ட நினைப்பவர்கள் வாங்குவது அந்தத் தலைமுறைக் கார்களைத்தான். கோவையின் கரிவர்தன் 1988-ல் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி கார்களிலும் இருந்தது மாருதி 800-இன் கார்புரேட்டர் எஞ்சின்தான். நரேன் கார்த்திகேயன் முதல் ரேஸ் ஓட்டியது அந்த வகைக் காரில்.

ரோட்டில் ஒழுங்காக ஓடுவது, டிராக்கில் ஏன் மக்கர் பண்ணுகிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்-இல் ஓடினால் நொடிக்கு 200 தீப்பொறி வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மில்லி செகண்ட்தான். 5,000 ஆர்.பி.எம். சராசரியில் 20 நிமிடம் ஓட்டினால் 2 லட்சம் தீப்பொறி. இன்னர் ரிங் ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து போகும் காருக்கு இந்த வேலை இல்லை.

அந்த வேகத்தில் எஞ்சின் ஒரு மில்லி செகண்டில் 36 டிகிரி சுற்றிவிடும். அதனால் தீப்பொறி கொஞ்சம் பிந்தினாலும் முந்தினாலும் வித்தியாசம் பெரிது. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவது இன்னொரு சிக்கல்: தேய்ந்த புஷ்ஷால் அதன் தண்டு ஒரு டிகிரி ஆடினால், எஞ்சின் கணக்கில் அது இரண்டு டிகிரி. மூடியைக் கழற்றி தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் டைமிங் லைட்டில் கோடு நிலையாக நிற்காது.

இதற்கு மேல் பெங்களூரு தரும் பிரச்சினை ஒன்று இருக்கிறது. கார் இருபத்தைந்து நாள் பேஸ்மென்டில் சும்மா நிற்கிறது, அங்கே மழைக்காலத்தில் ஈரம். மூடிக்குள் இருக்கும் முனைகளில் பூஞ்சை மாதிரி உப்பு பூக்கிறது. ரேஸுக்கு முந்தின நாள் பிரஷர் வாஷ் வேறு. தண்ணீர் உள்ளே போனால், மின்சாரம் போக வேண்டிய முனைக்குப் போகாமல் பக்கத்து முனைக்குத் தாவும். தாவிய இடத்தில் பென்சிலால் கீறியது போல மெல்லிய கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், காய்ந்த பிறகும் அதே வழியில்தான் போகும். துடைத்தால் தீராது, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் இதில் மாட்டியிருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 1992 கார்வெட் காரில் 'ஆப்டிஸ்பார்க்' என்ற டிஸ்ட்ரிபியூட்டரை வாட்டர் பம்ப்புக்குக் கீழே வைத்தது. பம்ப் கசிந்தால் நேராக அதன் தலையில். பிறகு காற்றோட்டம் உள்ள வடிவத்துக்கு மாற்றினார்கள். ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான்.

எது போச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஞ்சின் எப்படிச் சாகிறது என்று கவனியுங்கள். திக்கித் திணறி, இழுவை குறைந்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். சுவிட்ச் போட்டது போல டக்கென்று நின்றால் இக்னிஷன் பக்கம்.

அடுத்தது ஆர்.பி.எம். முள். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. பழைய கார்களில் பொதுவாக இந்த மீட்டருக்கு சிக்னல் வருவது காயிலில் இருந்துதான். கியரில் கார் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், காயிலை இயக்கும் பகுதி வேலை செய்யவில்லை: பாயின்ட், பிக்கப் காயில், இக்னிஷன் மாட்யூல் அல்லது அவற்றின் ஒயர். முள் வேகத்தைக் காட்டிக்கொண்டே இருக்க எஞ்சின் மட்டும் செத்திருந்தால், காயிலுக்குப் பிறகு வரும் ரோட்டார், மூடி, ஒயர் பக்கம் பாருங்கள், அல்லது பெட்ரோலைப் பாருங்கள். கேமரா வைத்திருந்தால் மீட்டர் தெரிகிற மாதிரி வையுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

சூட்டில் சாகிறது, ஆறினால் உயிர் வருகிறதா? மாட்யூல், காயில், பாயின்ட் வைத்த கார் என்றால் கண்டென்சர், இந்த மூன்றில் ஒன்று. 1990களின் ஹோண்டா டி-சீரிஸ் எஞ்சின்கள் பலவற்றில் காயிலும் மாட்யூலும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளேயே இருக்கும். பிட்டுக்கு வந்து நின்றதும் காற்றோட்டம் நின்று பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அதனால்தான் ஓடும்போது சமாளித்த கார், நிறுத்தி எடுக்கும்போது அடம்பிடிக்கிறது. வீட்டில் சோதிக்க ஹேர் டிரையர் போதும்: மாட்யூலைச் சூடாக்கி தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள். மாட்யூலுக்கு அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவ வேண்டிய கார்களில், அதைத் தடவாமல் புதுசு மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

முழு ஆக்ஸிலரேட்டரில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்குதா? சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக்கில் தாவ அதிக வோல்ட் வேண்டும். மூடியிலோ ரோட்டாரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் மின்சாரம் அந்தச் சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும். இரவில் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு பானெட்டுக்குள் பாருங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை விட்டுடாதீங்க, 20,000 வோல்ட் ஞாபகம் இருக்கட்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது.

எதற்கும் சிக்காமல் ஆட்டம் காட்டும் ஒரு பழுது உண்டு. வேக்குவம் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் பிக்கப் உட்காரும் தட்டு முன்னும் பின்னும் நகரும். ஒவ்வொரு முறையும் அதன் மெல்லிய ஒயர் மடங்கி விரிகிறது. வருடக்கணக்கில் மடங்கி, மேலே உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்துவிடும். நிற்கும்போது தொடர்பு இருக்கும், ஓடும்போது போகும். மீட்டரை வைத்துக்கொண்டே ஒயரை மெதுவாக வளைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அணைந்தால் என்ன பண்ணணும்?

டிராக்கில் சட்டென்று திருப்பாதீர்கள். பின்னால் வருபவர் நீங்கள் அதே வழியில் போவீர்கள் என்று நம்பித்தான் ஓட்டுகிறார். கையை உயர்த்திக் காட்டி, மெதுவாக ரேசிங் லைனை விட்டு விலகி, மார்ஷல் இருக்கும் பக்கம் நிறுத்தப் பாருங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் ஒன்றிரண்டு முறை மிதிக்கத்தான் வரும். விட்டு விட்டு மிதித்து வீணாக்காமல் ஒரே மிதியாக மிதியுங்கள். பவர் ஸ்டீயரிங் கனமாகிவிடும்.

நிற்கும் காரைவிட அமைதியாகக் கெடுப்பது டைமிங் நகர்வது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட் அதிர்வில் தளர்ந்து உடல் திரும்பிவிட்டாலோ, உள்ளே அட்வான்ஸ் வெயிட்டின் ஸ்பிரிங் உடைந்தாலோ, தீப்பொறி முந்திவிடும். கார் நிற்காது, நாக்கிங் வரும். ஹெல்மெட்டும் சைலன்சர் சத்தமும் சேர்ந்து உங்களுக்கு அது கேட்காது. அப்படியே பத்து லேப் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழலாம். ஒரு மூடி, ரோட்டார் விலை எங்கே, எஞ்சின் வேலை எங்கே.

இதையெல்லாம் விட்டு கிராங்க் சென்சார், காயில் பேக் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், அதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் நீங்கள் ஓட்டும் வகுப்பில் இக்னிஷனை மாற்ற அனுமதி இருக்கிறதா என்று விதியைப் படித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

போவதற்கு முன்னால் பெட்டியில் வைக்க வேண்டியது அதிகம் இல்லை. மூடி, ரோட்டார், மாட்யூல் அல்லது பாயின்ட்டும் கண்டென்சரும், ஒரு பிளக் ஒயர், அவ்வளவுதான். ஜே.சி. ரோட்டிலோ, சென்னை போகும்போது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ தேடலாம். புதுப்பேட்டையில் முழு யூனிட்டே பழசாகக் கிடைக்கும், ஆனால் தண்டை ஆட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். புது பாயின்ட் போட்டால் சில மணி நேரம் ஓட்டிய பிறகு இடைவெளியை மறுபடி பாருங்கள். உரசும் கட்டை தேய்ந்தால் இடைவெளி குறைந்து தீப்பொறி பிந்தும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் உடலுக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த ஒயர் எந்த முனையில் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு சேர்ந்தால் ஸ்டார்ட் ஆகும் அளவுக்கு டைமிங் வந்துவிடும். டைமிங் லைட் வைத்துச் சரிபார்க்காமல் டிராக்குக்குள் மட்டும் போகாதீர்கள்.