தம்பானூருக்கு ரயில் வந்தது, அப்புறம் மர விமானம் வந்தது

தம்பானூர் என்றால் நம்மவர்களுக்கு ரயில்வே ஸ்டேஷனும் எதிரே இருக்கிற பஸ் ஸ்டாண்டும்தான் ஞாபகம் வரும். நாகர்கோவில், திருநெல்வேலி என்று எங்கிருந்து வந்தாலும் அங்கேதானே இறங்கியாக வேண்டும்! நான் வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். இப்போது மஸ்கட்டில் ஒரு வங்கியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரயில் தம்பானூர் வரை வந்தது 1931ல். அடுத்த நான்கே வருஷத்தில் ஊருக்கு விமானமும் வந்துவிட்டது. அதுவும் மரத்தில் செய்த விமானம். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

திருவிதாங்கூர் அரச குடும்பத்து மருமகன் கோதவர்ம ராஜா, ஊரில் ஜி.வி. ராஜா என்பார்கள், விமானப் பித்து உள்ளவர். அவர் முயற்சியில்தான் 1932ல் பறக்கும் கழகமும் விமான மைதானமும் வந்தன. 1935ல் டாடா கம்பெனியின் ஃபாக்ஸ் மாத் விமானம் பம்பாயிலிருந்து வந்து இறங்கியது. ஓட்டியவர் நெவில் வின்சென்ட். கூட வந்தவர்கள் இரண்டே பேர். நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூர் அஞ்சல் தபால்களோடு பம்பாய்க்குத் திரும்பிப் பறந்தது. (தமிழ்நாட்டில் இன்று தபாலை அஞ்சல் என்கிறோம். திருவிதாங்கூரில் அன்றே அரசாங்கத் தபாலுக்கு அதுதான் பெயர்.)

அந்த விமானத்தின் அமைப்பே வேடிக்கையாக இருக்கும். பயணிகள் முன்னால் மூடிய சின்ன அறைக்குள் உட்காருவார்கள். விமானி அவர்களுக்குப் பின்னால், காற்றில் தலையை நீட்டிக்கொண்டு! உடல் முழுக்க மரச்சட்டமும் பிளைவுட்டும். இறக்கைகளும் மரம்தான், மேலே துணி போர்த்தியிருக்கும். நீளம் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பி.காம். படித்தவனுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? காரணம் என் மகன். சாப்பாட்டு மேஜையில் பால்சா மரக்குச்சிகளைப் பரப்பி மாடல் விமானம் செய்கிறான். ஒருநாள் கேட்டான், "அப்பா, நிஜ விமானத்தையும் இப்படித்தான் ஒட்டுவாங்களா?" பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிட்டத்தட்ட இப்படியேதான் ஒட்டுவார்களாம்!

மாடலில் வரைபடத்தைப் பலகையில் விரித்து, அதன்மேல் குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி, விலா எலும்பு மாதிரி ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். பழைய விமானத்தின் இறக்கையைப் புதுப்பிக்கும்போதும் இதே வரிசைதான். பால்சாவுக்குப் பதில் ஸ்ப்ரூஸ் மரம், அவ்வளவுதான். உடைந்த சட்டத்தை நேராக வெட்டி முனையோடு முனை ஒட்டினால் நிற்காது. மரத்தின் வெட்டு முனை பசையை உறிஞ்சிவிடும். அதனால் ஒன்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று நீளமாகச் சாய்த்துச் சீவி ஒட்டுகிறார்கள். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது, துணிமேல் பூசும் 'டோப்' காயும்போது ஒரு பக்கமாக இழுத்து இறக்கையை முறுக்காமல் பார்த்துக்கொள்வது, ஒவ்வொரு கிராமும் எங்கே சேருகிறது என்று கணக்கு வைப்பது... எல்லாம் பன்னிரண்டு வயதுப் பையனின் கைக்கே பழகுகிற விஷயங்கள்.

பசை சின்ன விஷயம் இல்லை. அந்தக் காலத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசைதான். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். நம்மூர் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலகப்போரின்போது பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மஸ்கிட்டோ மர விமானங்கள் பறக்கும்போதே உடைந்ததால், 1944 கடைசியில் அவற்றைத் தரையில் நிறுத்தி விசாரித்தார்கள். அவை புதுவகைப் பசையில் ஒட்டியவை. குற்றம் நம்மூர் வெயில் மழையுடையதா, ஒட்டிய கையுடையதா என்பதுதான் கேள்வி. சரியாகப் பொருந்தாத இணைப்புகளும் காரணம் என்று தெரியவந்தது.

மாடல் செய்தவனெல்லாம் நிஜ விமானத்தைத் தொடலாம் என்று சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கு மாடலின் எடை ஆயிரத்தில் ஒரு பங்குதான். விழுந்தால் குச்சிதான் உடையும். நிஜத்தில் உயிர் போகும். அதற்கு உரிமம் வேண்டும், சோதனை வேண்டும், கூட இருந்து சொல்லித்தர ஆசான் வேண்டும். ஆனால் கை பழகுவதற்கு இதைவிடச் செலவு குறைந்த பள்ளிக்கூடம் இல்லை.

நம் நாட்டுக்கு மர விமானம் தெரியாத வித்தை இல்லை. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த கார்த்திக் என்கிற மர கிளைடர் 1963ல் பறந்தது. ரோகிணி என்கிற மர கிளைடர் 100க்கு மேல் செய்யப்பட்டது. 1982ல் ஜே.ஆர்.டி. டாடா, 78 வயதில், லெபர்ட் மாத் என்ற பழைய மர விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்தார். ஆனால் நம் விமானப்படை தன் பழைய டைகர் மாத் விமானத்தை மறுபடி பறக்க வைக்க நினைத்தபோது, வேலை நடந்தது இங்கிலாந்தில். 2012ல்தான் அது இங்கே பறந்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். வரைபடம் அலமாரியில் நூறு வருஷம் இருக்கும். கைவேலை அப்படி இருக்காது. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால் போயே போய்விடும். வீட்டில் மொழி போவது மாதிரிதான், வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளை மேஜையெல்லாம் பசையாக்கினால் திட்டாதீர்கள். பழைய செய்தித்தாளை விரித்துக் கொடுங்கள். ஊரில் இருப்பவர்கள் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்த்துவிடலாம், மாடல் விமானம் அங்கே பாடத்திலேயே இருக்கிறது. முடிந்தால் முதல் மாடலாக ஃபாக்ஸ் மாத்தைச் செய்யச் சொல்லுங்கள். நம்மூருக்கு வந்த விமானமாச்சே!