எல்லைக்கோட்டுக்கு வெளியே – 17: தம்புள்ளையில் ஏறாத கணக்கு

அமெரிக்காவில் ஒரு பயிற்றுவிப்பாளரின் பெயரைச் சொன்னால் கூடவே இரண்டு எண்களும் வரும். வென்றது இத்தனை, தோற்றது இத்தனை. கல்லூரிக் கூடைப்பந்தில் மைக் ஷிஷெவ்ஸ்கிக்கு 1,202 வெற்றிகள்; அமெரிக்கக் கால்பந்தில் டொன் ஷூலாவுக்கு 347. கிரிக்கெட்டில் இந்தக் கணக்கு அணித் தலைவரின் பெயரில்தான் ஏறும். பயிற்றுவிப்பாளருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பதவி விலகல் கடிதம்.

யார் பெயரில் ஏற வேண்டிய கணக்கு என்று கேட்டுப் பார்க்க, மாத்தளை மாவட்டத்தின் வடக்கே உள்ள தம்புள்ளை மைதானம் தோதான இடம். 167 நாட்களில் கட்டி முடிக்கப்பட்ட ரங்கிரி மைதானத்தில் 2001 மார்ச் 23 அன்று முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி நடந்தது. இங்கிலாந்தை இலங்கை 5 விக்கெட்டுகளால் வென்றது. அப்போது பயிற்றுவிப்பாளர் டேவ் வட்மோர். 1996இல் உலகக் கிண்ணத்தை வென்றுகொடுத்துவிட்டுப் போனவர், இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தார்.

2010 ஜூனில் ஆசியக் கிண்ணத்தின் எல்லாப் போட்டிகளும் இங்கேயே நடந்தன. இலங்கையின் பயிற்றுவிப்பாளர் ட்ரெவர் பெய்லிஸ், இந்தியாவுக்கு கேரி கேர்ஸ்டன். இலங்கை லீக் சுற்றில் மூன்று போட்டிகளையும் வென்றது. ஜூன் 22 அன்று ஃபர்வீஸ் மஹ்ரூஃப் ஹெட்ரிக் எடுக்க, இந்தியாவை 7 விக்கெட்டுகளால் மடக்கியது. அதே மைதானம், அதே இரண்டு அணிகள், இடையில் ஒரே ஒரு நாள். 24ஆம் திகதி இறுதிப் போட்டியில் இந்தியா 268 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கை 187க்குச் சுருண்டது. 81 ஓட்டத் தோல்வி.

அமெரிக்கக் கணக்கில் இது பெய்லிஸுக்கு மூன்று வெற்றி, ஒரு தோல்வி. பார்க்க நல்ல கணக்குத்தான். ஆனால் கிண்ணம் போனது கேர்ஸ்டனிடம். அடுத்த ஆண்டு மும்பை உலகக் கிண்ண இறுதியிலும் அதே இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். அப்போதும் கேர்ஸ்டனே வென்றார். பெய்லிஸின் காலத்தில் இலங்கை 2008இல் ஆசியக் கிண்ணத்தை வென்றிருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உலகக் கிண்ணம் அவர் கைக்கு வர 2019வரை ஆனது. அதுவும் இங்கிலாந்துக்காக, சூப்பர் ஓவரும் சமநிலையாகி, பவுண்டரிகளை எண்ணிக் கொடுத்த வெற்றி! இதில் பயிற்றுவிப்பாளரின் கெட்டித்தனம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

தம்புள்ளைக்குத் திரும்புவோம். மகளிர் ஆசியக் கிண்ண இறுதிகளில் இலங்கை அதுவரை நான்கு முறை ஆடி, நான்கிலும் இந்தியாவிடமே தோற்றிருந்தது. 2024 ஜூலை 28 அன்று ஐந்தாவது முறை. இந்தியா 165. தலைவி சாமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. எட்டு பந்துகள் மீதமிருக்க, இரண்டே விக்கெட்டுகளை இழந்து இலங்கை இலக்கைத் தொட்டது. தொடரில் ஐந்து போட்டிகள், ஐந்தும் வெற்றி.

பயிற்றுவிப்பாளர் ருமேஷ் ரத்நாயக்க. பழைய ரசிகர்களுக்கு அவரைத் தெரியும். 1985 செப்டெம்பரில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவை வீழ்த்தி இலங்கை தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது 9 விக்கெட்டுகளைச் சாய்த்த வேகப்பந்து வீச்சாளர் இவரே. முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே எதிரணிக்கு எதிராக, இம்முறை எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருந்தார். மறுநாள் பத்திரிகைகளில் பெரிய படம் சாமரிக்கு. அதில் தவறில்லை, 304 ஓட்டங்களும் தொடர் நாயகி விருதும் அவருடையவை.

அதே ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் இருபது20 உலகக் கிண்ணம். அதே தலைவி, அதே பயிற்றுவிப்பாளர். இலங்கை நான்கு போட்டிகளில் ஆடி நான்கிலும் தோற்றது. தம்புள்ளையின் ஐந்தையும் இந்த நான்கையும் ஒரே வரியில் எழுதினால் 5–4 என்று வரும். இந்த எண்ணை வைத்து ரத்நாயக்கவை எடைபோடச் சொன்னால், நான் மறுத்துவிடுவேன்.

அடுத்த வாரம்: லாகூர், 1996 – வட்மோரின் இறுதிப் போட்டி.