தானியங்கிப் பால்கறத்தலில் பால் அளவீடு

தானியங்கிப் பால்கறத்தலில் பால் அளவீடு என்பது, ரோபோக்கள் பால் கறக்கும் பண்ணைகளில் ஒவ்வொரு பசுவும் ஒரு நாளில் தரும் பாலின் அளவைக் கணக்கிடும் முறையாகும். இத்தகைய ரோபோக்கள் வணிக நோக்கிலான பண்ணைகளில் முதன்முதலாக 1992 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் நிறுவப்பட்டன. பசுவுக்கு இடும் அடர்தீவனத்தின் அளவு, இனவிருத்திக்கான தேர்வு, பசுவை மந்தையிலிருந்து நீக்கும் முடிவு ஆகியவை இந்த அளவீட்டைச் சார்ந்துள்ளன.

அளவிடும் முறை

பசு தானாகவே கறவைக் கூண்டிற்குள் வருகிறது. அதன் உடலில் உள்ள மின்னணு அடையாளத்தைக் கொண்டு கணினி பசுவை இனங்காண்கிறது. கறக்கப்படும் பாலைப் பால்மானி அளக்கிறது. கறந்த நேரமும் பதிவாகிறது. பல ரோபோக்கள் மடியின் நான்கு பகுதிகளையும் தனித்தனியே அளக்கின்றன.

கறவை இடைவெளி

பசு விரும்பிய நேரத்தில் வருவதால் நாள்தோறும் கறவைகளின் எண்ணிக்கை மாறுகிறது. எடுத்துக்காட்டாக, 9 மணி நேரத்திற்கு ஒருமுறை 12 கிலோகிராம் தரும் பசு முதல் நாள் 0:30, 9:30, 18:30 மணிகளில் கறக்கப்பட்டால் 36 கிலோகிராம் பதிவாகும். இரண்டாம் நாளும் 36 பதிவாகும். மூன்றாம் நாள் இரு கறவைகளே அமைவதால் 24 மட்டுமே பதிவாகும். பசுவின் பால் சுரப்பில் மாற்றம் ஏதுமில்லை.

எனவே கறந்த பாலை முந்தைய கறவையிலிருந்து கடந்த மணிநேரத்தால் வகுத்து, 24 ஆல் பெருக்க வேண்டும். இங்கு (12 ÷ 9) × 24 = 32 கிலோகிராம் கிடைக்கிறது. ஒரே கறவையை நம்பாமல், பல நாள் கறவைகளின் சராசரியை எடுப்பது நம்பகமானது.

பிழைகள்

* கறவைக் கிண்ணம் காம்பில் பொருந்தாமலோ இடையில் கழன்றோ போனால் பால் மடியிலேயே தங்கி, அடுத்த கறவையில் கூடுதலாகப் பதிவாகும். இதனை நோயால் ஏற்படும் குறைவிலிருந்து பிரித்தறிதல் வேண்டும். இல்லையேல் மடிநோய் கவனிக்கப்படாமல் போகலாம்.
* நுரையும் காற்றும் சில வகைப் பால்மானிகளின் அளவைப் பிறழச் செய்யும்.
* ஒரு லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 1.03 கிலோகிராம் ஆதலால், இரு அலகுகளையும் கலந்து பயன்படுத்தினால் சுமார் 3% வேறுபாடு உண்டாகும்.

சரிபார்த்தல்

பால்மானிகள் காட்டும் மொத்தத்தைக் குளிர்தொட்டியில் சேர்ந்த பாலுடன் ஒப்பிடுவர். தொட்டிக்குச் செல்லாத சீம்பாலையும், மருந்து கலந்ததால் ஒதுக்கப்பட்ட பாலையும் முதலில் கழிக்க வேண்டும். மொத்தம் பொருந்தினாலும் தனிப்பசுக்களின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்திருக்கக்கூடும். ஆகையால் ஒவ்வொரு பால்மானியையும் குறித்த காலத்திற்கு ஒருமுறை தனியே அளவுத்திருத்தம் செய்தல் இன்றியமையாதது.