ஊசிக்கு இரண்டு வழிகள்

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், விரலுக்கு எட்டியும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அதில் புற்றுநோய் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, துளித் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; பயாப்சி என்பது இதுதான். அதற்கு ஊசி இரண்டு வழிகளில் போகலாம். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோலைத் துளைத்துப் போவது ஒன்று. அந்தப் பகுதியைப் பெரினியம் என்பார்கள். மலக்குடலின் சுவரைத் துளைத்துப் போவது மற்றொன்று. முன்னது சற்றே நீளமான வழி. தோலைத் துடைத்துக் கிருமி நீக்கிவிடலாம். பின்னது குறுக்குவழி, ஆனால் ஊசி கிருமிகளின் குடியிருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரினியமே சிறுநீரக அறுவை மருத்துவர்களுக்குப் பழகிய வாசல். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் 1904-இல் புற்றுநோய் கண்ட புராஸ்டேட்டை முழுவதுமாக அகற்றியது அந்த வழியாகத்தான். சந்தேகத்துக்கு ஒரு துண்டு வேண்டுமென்றாலும் அங்கேதான் கத்தி வைத்தார்கள். 1930-இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஃபெர்குசன் கத்தியைத் தவிர்த்து, பெரினியம் வழியே ஊசி செலுத்தி, உறிஞ்சி எடுத்த செல்களைக் கொண்டு நோயைக் கண்டறியும் முறையை எழுதினார். 1937-இல் அர்ஜென்டினாவின் அஸ்த்ரால்தி மலக்குடல் வழியைக் காட்டினார். புராஸ்டேட் புற்றுநோய்களில் பெரும்பகுதி சுரப்பியின் பின்புற ஓரத்தில், மலக்குடலை ஒட்டியே தோன்றுகிறது. விரலில் கட்டி தட்டுப்படும் இடத்திலேயே ஊசியை இறக்கலாம் என்பதுதான் இந்த வழியின் கவர்ச்சி.

1960-இல் சுவீடனின் சிக்ஸ்டன் ஃபிரான்சன் அந்தக் கவர்ச்சியை ஒரு கருவியாகவே ஆக்கினார். விரலில் மாட்டிக்கொள்ளும் வளையம், அதையொட்டி மெல்லிய ஊசிக்கு ஒரு குழாய். வலி குறைவு, வேலை சில நொடிகள்தான். ஆனால் உறிஞ்சி எடுத்தால் உதிரிச் செல்கள்தான் கிடைக்கும். 1966-இல் அமெரிக்காவின் டொனால்ட் கிளீசன் முன்வைத்த தரவரிசையோ, செல்கள் சுரப்பியில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்து நோயின் வேகத்தை மதிப்பிட்டது. செங்கற்குவியலைப் பார்த்து வீட்டின் வரைபடத்தைச் சொல்ல முடியாது. அதனால் குச்சி போன்ற முழுத் திசுத்துண்டை எடுக்கும் ஊசியே நிலைத்தது. அப்போதைய ஊசி தடிமனானது, கையால் இயக்கப்பட்டது. 1980-களில் சுவீடனிலிருந்து வந்த விசைவில் துப்பாக்கி, மெல்லிய ஊசியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செலுத்தித் துண்டோடு திரும்பியது.

விரலின் இடத்தை இதற்குள் அல்ட்ராசவுண்ட் பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஜப்பானின் ஹிரோகி வதனபே உருவாக்கிய தொடக்கக் கருவி ஒரு நாற்காலி; இருக்கையின் நடுவே துருத்திநிற்கும் ஆய்வுக்கோலின் மீது நோயாளி உட்கார வேண்டும். டென்மார்க்கின் ஹோல்ம் 1981-இல் அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே பெரினியம் வழியே ஊசி செலுத்தினார். ஆனால் ஆய்வுக்கோலிலேயே ஊசிக்கும் இடம் வைத்த மலக்குடல் முறை, மயக்க மருந்தில்லாமல் புறநோயாளிப் பிரிவிலேயே முடிந்துவிடும். வசதி வென்றது.

புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை அமெரிக்காவில் 1986-இல் நோயைப் பின்தொடரவும், 1994-இல் நோயைக் கண்டறிய உதவவும் அனுமதி பெற்றது. விரலுக்குக் கட்டியே தட்டுப்படாத, ஸ்கேனிலும் எதுவும் தெரியாத ஆண்கள் வரிசையில் நின்றார்கள். எங்கே குத்துவது? 1989-இலேயே ஸ்டான்ஃபோர்டில் ஹாட்ஜும் ஸ்டேமியும் குழுவினரும் தந்திருந்த விடை, பக்கத்துக்கு மூன்றாக ஆறு இடங்கள். வயலில் ஆறு இடத்தில் மண் எடுத்துப் பார்ப்பதைப் போன்றது அது. ஆறு போதாதென்று பின்னர் பத்து, பன்னிரண்டு என ஏறி, சில மையங்களில் இருபதைத் தாண்டியது. குத்து கூடக்கூட, ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கக்கூடிய சின்னஞ்சிறு புற்றுகளும் சேர்ந்து அகப்பட்டன. முன்பகுதியில் ஒளிந்திருந்த பெரியவை அப்போதும் தப்பின.

எங்கே என்ற கேள்விக்குத் தெளிவான பதில் எம்ஆர்ஐயிடமிருந்து வந்தது. 2017-இல் பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்த புராமிஸ் ஆய்வில், கவலைக்குரிய புற்றுகளில் 93 விழுக்காட்டை எம்ஆர்ஐ காட்டிக்கொடுத்தது. மலக்குடல் வழி வழக்கமான பயாப்சி பிடித்தது 48 விழுக்காடுதான். மறு ஆண்டு 500 பேரிடம் நடந்த பிரிசிஷன் ஆய்வில், முதலில் எம்ஆர்ஐ எடுத்து, சந்தேக இடத்தில் மட்டும் குத்தியபோது 38 விழுக்காட்டினரிடம் கவலைக்குரிய புற்று தென்பட்டது. பழைய முறையில் 26. எம்ஆர்ஐ பிரிவில் 28 விழுக்காட்டினருக்கு ஊசியே தேவைப்படவில்லை.

எந்த வழி என்ற கேள்வியைத் திரும்பக் கிளப்பியவை கிருமிகள். மலக்குடல் வழி பயாப்சிக்கு முன் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுப்பது பல்லாண்டு வழக்கம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா அதற்கு அசையாத நிலையை எட்டியதும், பயாப்சிக்குப் போனவர்கள் ரத்தத்தில் நச்சேறி மருத்துவமனையில் சேர நேர்ந்தது. தோல் மரத்துப்போக மட்டும் ஊசி போட்டுப் பெரினியம் வழியே எடுக்கும் நுட்பமும் இதற்குள் கைகூடியிருந்தது. அதனால் கைவிடப்பட்ட வாசல் மீண்டும் திறந்தது. மலக்குடல் வழியை விட்டு வெளியேறும் இந்த முயற்சிக்கு, பிரெக்சிட்டின் சாயலில் ட்ரெக்சிட் என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் பெரினியத்தையே முன்னிறுத்தியது.

2025-இல் வெளியான பிரிட்டனின் டிரான்ஸ்லேட் ஆய்வு இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் நிறுத்தியது. கவலைக்குரிய புற்று, பெரினியம் வழியில் 60 விழுக்காட்டினரிடமும் மலக்குடல் வழியில் 54 விழுக்காட்டினரிடமும் அகப்பட்டது. தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் முன்னதில் இரண்டு பேர், பின்னதில் ஒன்பது பேர். ஆனால் பெரினியம் வழி கூடுதல் நேரம் பிடிக்கிறது, வலியும் சற்று அதிகம். அதற்கான கருவியும் பயிற்சியும் இல்லாத இடங்களில் மலக்குடல் வழியே தொடர்கிறது. அங்கே முன்கூட்டியே மலக்குடலில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்த்துக் கொடுப்பதும், ஊசிக்கு முன் குடலை போவிடோன் அயோடினால் கழுவுவதும் வழக்கமாகி வருகிறது.