தகர டிக்கட்

1901இலிருந்து தென்னிந்தியக் கிராமங்களை விட்டு இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளிக்கு ஒரு சின்னத் தகர வட்டு கொடுத்தார்கள். கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதில் பெயர் இருக்காது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதற்கு ஒரு குறி, ஆளுக்கு ஓர் இலக்கம், அவ்வளவுதான். தூத்துக்குடியில் கப்பலேற, வழியில் முகாமில் தங்க, சோறு வாங்க, மலைநாட்டு ரயிலில் உட்கார, எல்லாவற்றுக்கும் அந்த வட்டைக் காட்டினால் போதும். கையில் காசு வேண்டியதில்லை.

கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வழிச்செலவு முழுவதையும் அரசாங்கம் அந்தக் குறியைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் ஏற்றியது. தோட்டம் அதைத் தொழிலாளியின் கடனில் ஏற்றியது. ரயில் 1884இலேயே ஹட்டனுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கி டிக்கோயாவுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடந்த எங்கள் ஆட்கள், ஒரு நாள் கூலி வாங்குவதற்கு முன்பே கடன்காரர்களாக இருந்தார்கள்.

நான் ஹட்டன் டவுனில் போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்று எங்கள் சனங்களின் காகிதங்கள் நாள் முழுக்க என் கைவழியாகப் போகின்றன. புதிய டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகர வட்டுதான் ஞாபகத்துக்கு வரும். மலையகத்தில் ஆளை அடையாளம் காணும் ஏற்பாடு எப்போதும் இருந்தது. அந்த ஆள் தன் உரிமைக்காக எடுத்துக் காட்டக்கூடிய காகிதம்தான் இருக்கவில்லை.

வட்டுக்குப் பிறகும் அதே கதைதான். தோட்டம் மாற நினைத்தால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆள் சேர்க்கும் கங்காணிமார் அதை வைத்துக் கொண்டு தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசினார்கள். கடன் ஏற ஏற, ஆளின் விலையும் ஏறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு மட்டும் இன்றுவரை நிற்கிறது. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மாலையில் தராசு, கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. இப்போது சில தோட்டங்களில் மலைக்கே டிஜிட்டல் தராசு வருகிறது. நிறுத்தவுடன் கிலோ கணக்கு பதிவாகிவிடும். கொழுந்து எடுத்தவள் அந்தப் பதிவைத் தன் போனில் பார்க்க வழி உண்டா என்றுதான் நான் கேட்பேன்.

இவ்வளவு எழுதி வைத்த இடத்தில், 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது என்ன நடந்தது? தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளின் பிறப்பை யாரும் பதிந்திருக்கவில்லை. வழிச்செலவுக் கணக்கு சதம் சதமாக இருந்தது, பிறப்புக் கணக்கு இல்லை. அடுத்த வருடம் வந்த சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குச் சட்டம் வழிவிட்டது 2003இல். ஐம்பத்தைந்து வருடம்! ஒரு தலைமுறை அந்தக் காகிதத்தைப் பார்க்காமலே செத்துப்போனது. இதை என்னால் ஆற அமர எழுத முடியவில்லை.

இனி வரப்போவது இந்தியாவின் நன்கொடையில் நடக்கும் டிஜிட்டல் அடையாளத் திட்டம். 2022 மார்ச்சில் இரு நாடுகளும் அதற்கு இணக்கம் கண்டன. முகம், கண், கைரேகை மூன்றையும் பதிவார்கள். நான் அதற்கு எதிரானவன் அல்ல. ஒழுங்காகச் செய்தால் எங்களுக்குத்தான் அதனால் கூடுதல் நன்மை. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதலில் விலாசம். விண்ணப்பத்தில் வீட்டு இலக்கம், வீதி என்று கட்டங்கள் இருக்கும். லயத்துக் காம்பராவுக்கு இலக்கமும் கிடையாது, வீதியும் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபால் கந்தோர் ஆகியவற்றை அடித்துவிட்டு மற்றக் கட்டங்களில் கோடு போடுகிறேன். சில படிவங்கள் கோட்டை ஏற்காது. ஒரே டிவிஷனில் இருநூறு குடும்பத்துக்கும் அதே விலாசம்தான். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது பெயர். மூக்கம்மா என்பவள் சாட்சிப்பத்திரத்தில் ஒரு விதமாகவும், செக்ரோலில் இன்னொரு விதமாகவும், சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் இருப்பாள். கம்பியூட்டருக்கு அவள் மூன்று ஆள். சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் வயதான காலத்தில் சத்தியக் கடதாசிக்கு அலைவார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிழையான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமைக்கு இடம் வைத்திருக்கிறது. அதை எங்கே, யாரிடம் தமிழில் கேட்பது என்று தோட்டத்தில் சொல்லிக் கொடுத்த ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை.

பிறகு விரல். என் சித்தி வாழ்நாள் முழுக்கக் கொழுந்தெடுத்தவர். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு, அதற்குள் கழுவினாலும் போகாத கொழுந்துக் கறை. விரல் நுனி வழுவழுவென்று தேய்ந்திருக்கும். மகன் வாங்கிக் கொடுத்த போன் அந்த விரலுக்குத் திறக்கவே இல்லை. இந்தியாவின் ஆதார் அடையாளத் திட்டத்திலும் உழைத்துத் தேய்ந்த கைகளின் ரேகை பிடிபடாமல் ரேஷன் கடையில் எத்தனையோ பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தெரிந்தே அதே கல்லில் நாமும் இடற வேண்டியதில்லை. ரேகை பிடிபடாவிட்டால் கண்ணையோ முகத்தையோ வைத்து முடிக்கலாம் என்று விதியிலேயே எழுதி வைக்க வேண்டும், கவுண்டரில் இருப்பவரின் மனதுக்கு விடக்கூடாது.

பதிவு முகாம்களைத் தோட்டத்துக்குள்ளேயே நடத்த வேண்டும், தமிழ் எழுதத் தெரிந்தவர்களை வைத்து. வேலை நாளில் வைத்தால் அன்றைய பேர் போய்விடும். ஞாயிறு அல்லது போயா தினம் பார்த்து வைக்கட்டும்.