திடீர்ப் பயணம்

திடீர்ப் பயணம் என்பது நாள் குறிக்காமல், முன்பதிவு செய்யாமல், நினைத்த அன்றே கிளம்பிப் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும் குறும்பயணம். அன்றாட வழக்கத்திலிருந்து விலகுவதற்கான வழிகளில் செலவும் ஏற்பாடும் குறைந்தது இது. இதற்குப் பணத்தைவிட முக்கியமாக மூன்று தேவை: ஓய்வு நாள், அடிக்கடி ஓடும் வண்டி, அருகிலேயே பார்க்கத்தக்க இடம். திருவள்ளூர் மாவட்டத்து வேப்பம்பட்டு இம்மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் ஊர்களில் ஒன்று.

ஊரும் அன்றாடமும்

வேப்பம்பட்டு ரயில் நிலையம் சென்னை–அரக்கோணம் புறநகர்ப் பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் இடையில் உள்ளது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்ற தடம் இது. கிழக்கே ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர், மேற்கே காக்களூர் என இரு பக்கமும் தொழிற்சாலைகள். ஷிப்ட் நேரம், கம்பெனி பஸ், மின்சார ரயில் இவை மூன்றும் இப்பகுதியில் பலரின் நாளை வகுக்கின்றன.

ஓய்வு நாள்

தொழிலாளிக்கு வார விடுமுறை தானாக வந்ததல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே நடத்திய போராட்டத்தின் பயனாக 1890இல் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை ஏற்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வார வேலையை 48 மணி நேரத்துக்குள் நிறுத்தி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறையைக் கட்டாயமாக்கியது. ஞாயிறன்று வேலைக்கு அழைத்தால் முன்பின் 3 நாளுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டும் என்றது அச்சட்டம். முழு விடுப்பின்றித் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் அது விதித்தது. வெளியே சுற்றுவதற்கென்றே தமிழர் ஒதுக்கிய நாளும் உண்டு: பொங்கலை ஒட்டி வரும் காணும் பொங்கல்.

வேப்பம்பட்டிலிருந்து

தினமும் சென்னைப் பக்கம் போகிறவர் எதிர்த் திசை வண்டியில் ஏறினாலே வழக்கம் மாறிவிடும். புறநகர் வண்டிகளில் முன்பதிவு கிடையாது. சீசன் டிக்கெட் இருந்தால் அதில் குறித்த இரு நிலையங்களுக்கு இடையில் எங்கும் இறங்கி ஏறலாம்.

சென்னைப் பக்கத்திலேயே அடுத்த நிலையமான திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இருதயாலீசுவரர் கோயிலும் உள்ளன. பின்னது பூசலார் நாயனாரோடு தொடர்புடையது. காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கோயில் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். அன்று பூசலார் மனத்தில் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டியிருப்பதால் வேறு நாள் பார்க்கும்படி சிவன் அவன் கனவில் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது.

மேற்கே திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் நெரியும். அங்கிருந்து பஸ்ஸில் பூண்டி போகலாம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கம் அங்குள்ளது. அதன் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள தொல்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை எனப் பிந்தைய ஆய்வு காட்டியது. ரயிலிலேயே மேலும் போனால் நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை அமைந்த திருவாலங்காடு. அரக்கோணம் தாண்டினால் 365 படிகள் கொண்ட திருத்தணி மலை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியினருக்கு அண்மையில் இருப்பது பழவேற்காடு ஏரியும் அங்குள்ள டச்சுக் கல்லறைகளும். வேப்பம்பட்டிலிருந்து அங்கு ரயிலில் போக, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிப் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். சற்றே நேரம் பிடிக்கும் பயணம்.

ஆய்வுகள்

லண்டனில் 2014 பிப்ரவரியில் சுரங்க ரயில் ஊழியர்கள் 2 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, சில நிலையங்கள் மூடப்பட்டுப் பயணிகள் வேறு வழி தேட நேர்ந்தது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் அவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவில்லை. பழகிய வழியே சிறந்த வழி என்று சோதிக்காமலே இருந்துவிட்டிருந்தனர் என்பது ஆய்வாளர் முடிவு.

பொழுதுபோக்குக்கு மணிக்கணக்கில் நேரம் குறித்தால் அதுவும் வேலை போலாகி மகிழ்ச்சி குறைகிறது என்று கேப்ரியேலா டொனியெட்டோ, செலின் மல்கோச் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. “மதியத்துக்கு மேல் பார்க்கலாம்” எனத் தோராயமாக வைத்துக்கொண்டால் இந்தக் குறைவு தணிகிறது.

வரம்புகள்

வழக்கம் முழுக்கத் தீங்கானதல்ல. பழகிய செயலுக்கு யோசனை தேவையில்லாததால் கவனம் வேறு வேலைக்கு மிச்சமாகிறது. தூக்கத்துக்கும் மருந்துக்கும் நேர ஒழுங்கு வேண்டும். நாள்கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி இழப்பு. வீட்டு வேலையும் சுமக்கும் பெண்களுக்கு வாரவிடுமுறை பெரும்பாலும் துணி துவைக்கும் நாளாகவே கழிகிறது. அந்த வேலையை வீட்டார் பகிராதவரை அவர்களுக்குத் திடீர்ப் பயணம் கைகூடாது.

வாரம் ஒரு ஷிப்ட் என மாறி மாறி வேலை செய்பவருக்கும் நாள்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆனால் அந்த மாற்றம் அவர் தேர்ந்ததன்று, கம்பெனி அட்டவணை தந்தது. திடீர்ப் பயணத்தை வெறும் மாறுதலிலிருந்து பிரிப்பது இதுதான்: எப்போது, எங்கே, யாரோடு என்பதைப் போகிறவரே முடிவுசெய்கிறார்.